அகப்பை என் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

பாரிஸின் லா ஷப்பலில் என்னுடைய சாப்பாட்டுக்கடையைத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். கூசேன்வில், வில்லியே லே பெல் பக்கமிருந்தெல்லாம் ரயிலேறி வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். படிப்பென்று பார்த்தால் ஊரில் ஆறு வகுப்பு, இங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கிலில் மூன்று வருடம். வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்ல ஆள் வைத்திருக்கிறேன். ஆனால் பரிமாறுவதில் என்னை வெல்ல இந்தப் பாரிஸில் இன்னும் ஒருத்தி பிறக்கவில்லை. அந்தக் கெட்டித்தனம் பன்னிரண்டு வயதில், இந்த நகரத்துக்கு வந்த நாலாம் நாளே வெளிப்பட்டுவிட்டது.

அப்பா அப்போது ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். லா கூர்னெவில் ஒன்பது ஆம்பிளைகளோடு ஒரே அறையில் படுக்கை. அம்மாவும் தம்பியும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்க, தெரிந்த குடும்பம் ஒன்றோடு என்னை முதலில் அனுப்பியிருந்தார்கள். பொம்பிளைப் பிள்ளையை அந்த அறைக்குக் கூட்டிப்போக முடியுமா? ஆகவே அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டது, அதே கடையில் சமையல்காரராக இருந்த கூட்டாளியின் வீட்டில். பாண்டிச்சேரிக்காரர்கள். ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஓடும். மாமா, மாமி, என் வயதில் ஒரு மகள்.

கொழும்பு விமான நிலையத்தில் என்னை அனுப்பும்போது அம்மா அழவில்லை, சட்டம் படித்தார். பிறத்தியார் வீட்டில் காணாததைக் கண்ட மாதிரி விழக்கூடாது. சாப்பிடு என்று முதல் தரம் சொன்னால் வேண்டாம். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம் விடாமல் வற்புறுத்தினால் கொஞ்சம் போடச் சொல்லலாம். இதை மீறினால் என்னையல்ல, வளர்த்த தன்னைத்தான் சனம் பேசும் என்றார். எனக்கு இதிலே கஷ்டமொன்றும் தெரியவில்லை. ஊரிலே வேண்டாம் என்பதே தட்டை நீட்டுகிற ஒரு வழிதானே.

மாமி விடிய முன்னமே சமைத்து மூடிவைத்துவிட்டு, அலுவலகங்கள் துடைக்கப் போய்விடுவார். வர ராத்திரியாகும். மாமாவுக்கும் கடையில் அதே நேரம். சாப்பாடு போடுவது மகளின் பொறுப்பு. அவளோ இங்கேயே பிறந்தவள். முதல் நாள் மத்தியானம் மீன்குழம்பு. சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். இரண்டாவது கேள்விக்காக நான் அந்த மேசையில் அரை மணித்தியாலம் காத்திருந்தேன். அவள் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள்.

இரவும் அதே கதை. அடுத்த நாள் கோழி. அதுவும் ஒரே கேள்வி, ஒரே பதில், குளிர்ப்பெட்டி. களைத்து வந்து மாமி விசாரித்தால், பசிக்கலையாம் என்று மகள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். குழாய்த் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு குடம் மாதிரிக் குலுங்கியது. சனிக்கிழமை, ஜன்னல் விளிம்பில் புறாக்களுக்குப் போட்டிருந்த காய்ந்த பாண் துண்டை, வந்த புறாவோடு போட்டிபோட்டு எடுத்தேன். அதிலும் நான்தான் வென்றேன்.

அன்று பின்னேரம் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, துக்கம் சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கு எங்க வூடு புடிக்கலன்னு அம்மா நெனைக்கிறாங்க. நாளைக்கு உங்கப்பா வந்தா, கூட்டிட்டுப் போகச் சொல்வாங்களாம்."

கூட்டிக்கொண்டு போக அப்பாவிடம் ஏது வீடு? திரும்பவும் கொழும்புதான். பசிக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் தீரும். அந்தச் சொல் தொண்டைக்குழி வரை வந்து, அம்மாவின் முகத்தைக் கண்டு திரும்பிப் போய்விட்டது.

ஞாயிறு அப்பா ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். வந்ததும் வராததுமாக என் முகத்தைத்தான் பார்த்தார். மாமியைக் கேட்கப் பயந்து, மாமாவோடு வேலைக் கதை கதைத்தார். நான் குசினி வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே ஆட்டிறைச்சி கொதிக்கிற வாசத்துக்கு எச்சிலை விழுங்கி விழுங்கிச் சட்டியையே பார்த்தேன். மாமி திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"துடைச்சுத் துடைச்சு கை வுட்டுப்போச்சு கண்ணு. கரண்டிய தூக்க முடியல. நீயே எல்லாருக்கும் போடு."

அகப்பை என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மாமியையும் பிடித்து இருத்திவிட்டுப் பரிமாறத் தொடங்கினேன். மாமா கையால் தட்டை மறைத்தார். விரலிடுக்கால் குழம்பை விட்டேன். மகள் வேண்டாமென்று பிரெஞ்சில் நோன் மெர்சி என்றாள். இரண்டு துண்டு வைத்தேன். இன்னொரு தரம் நோன் என்றாள், எலும்போடு மூன்றாவது.

"அம்மா, இவ கேக்கவே மாட்டேங்குறா" என்று கத்தினாள்.

"காணும் பிள்ளை, போதும், மாமாவின்ரை பெல்ட் அறப்போகுது" என்றார் அப்பா. நான் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

எல்லோரும் கை கழுவியபின் நான் உட்கார்ந்தேன். பரிமாறினவளை யாரும் சாப்பிடச் சொல்லிக் கேட்பதில்லை. ஆகவே அவள் வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. அம்மாவின் சட்டத்தில் இப்படி ஒரு வாசல் இருப்பதை நானே கண்டுபிடித்ததாக எனக்குப் பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். மூன்று தரம் சோறு போட்டேன். நாலாம் தரம் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டு வழித்தேன்.

புறப்படும்போது அப்பா மெதுவாக, பிள்ளை கரைச்சல் தருகிறாளோ என்று கேட்டார்.

"இவ இல்லன்னா என் அடுப்படி நடக்காதுங்க" என்றார் மாமி. "வுட்டுட்டுப் போங்க."

ஒரு ராச்சியத்தைப் பிடித்தவளைப் போல நான் அப்பாவுக்கு முன்னால் படி இறங்கினேன்.

அப்பாவை ரயிலுக்கு அனுப்பிவிட்டு மாமியும் நானும் திரும்பும் வழியில், ஒரு கடையில் மாமி இருபது கிலோ அரிசி மூட்டை வாங்கினார். வலது கையாலேயே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து மாடியும் ஓரிடத்தில்கூட நிற்காமல் ஏறினார். பாவம், இவ்வளவு நோவோடு எப்படித்தான் சுமக்கிறாரோ என்று மனமிளகிப் பின்னால் ஏறினேன். இந்தக் கையோடு இனி மாமியை அகப்பை தொட விடுவதில்லை என்று நாலாம் மாடியில் முடிவெடுத்தேன். அம்மா வந்து சேரும்வரை ஏழு மாதம், தொட விடவேயில்லை.