லயத்தில் பூத்த ரோஸ் பூ

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், செடிகளை அடையாளம் கண்டுகொள்ள யாருக்கும் புத்தகம் தேவைப்பட்டதில்லை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடை வந்தால் அது ஜெரேனியம். பூ தலைகீழாகத் தொங்கிக் காதணிபோல் ஆடினால் ஃபியூஷியா. நாங்கள் ஜிமிக்கிப்பூ என்போம். நீண்ட வெள்ளைக் குழல் பூ தரையைப் பார்த்தால் மலை ஊமத்தை, வானத்தைப் பார்த்தால் ஊர் ஊமத்தை. இரண்டுமே விஷம். ஊர் ஊமத்தை மட்டும் கோயிலுக்குப் போகும். தோட்ட மேனேஜர் துரையின் பங்களா வாசலில் நிற்கும் கமேலியாவைப் பூ இல்லாத நாளில் பார்த்தால், ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள்கூடத் தேயிலை என்றுதான் சொல்வார்கள். தவறில்லை, இரண்டும் ஒரே குடும்பம். கமேலியா இலை சற்றுத் தடிப்பு, பளபளப்பு அதிகம், அவ்வளவுதான்.

இத்தனையும் சரியாகச் சொல்லும் லயம் ஒரே ஒரு செடியில் மட்டும் தவறியது. ஹைட்ரேஞ்சியாவுக்கு எங்களிடம் தனிப்பெயர் இல்லை. லயத்து வேலியோரம் பந்து பந்தாகப் பூப்பது நீலப்பூ. பங்களாவில் பூப்பது ரோஸ் பூ. இரண்டும் வேறு வேறு செடி, ஒன்று நம்முடையது, இன்னொன்று துரையுடையது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். தேயிலை கேட்பது புளிப்பு மண். அந்த மண்ணில் ஹைட்ரேஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். சுண்ணாம்பு கலந்து புளிப்பை எடுத்துவிட்டால் அதே செடி ரோஸ் நிறத்துக்கு வரும். பங்களாப் பாத்திகளில் எந்தக் காலத்திலோ யாரோ சுண்ணாம்பு கலந்திருக்கிறார்கள். லயத்தில் அதைச் செய்ய யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

என் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தாள். புருஷன் இறந்த பிறகு பங்களாவில் பூச்செடி பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வேலை இருக்கும்வரை வீடு. தோட்டத்துச் சட்டம் அப்படி. அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடம் இல்லை என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா வீட்டில் மகனும் மருமகளும் கூடத்தில் திரை கட்டிப் படுத்தார்கள். மருமகள் மாசமாக இருந்தாள். அடுத்து ஒரு வீடு காலியானால் அவர்களுக்கு என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொல்லிவைத்திருந்தார். வீடு எதுவும் காலியாகவில்லை.

நான் கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு மலையேறி வந்து பெரியம்மா வீட்டில் தங்குவது வழக்கம். அப்படி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து அக்கா வீட்டு வாசலில் இறங்கினார். பங்களாவில் ரோஸ் பூச்செடியின் கிளைகளை யாரோ ஒடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மேனேஜரின் மனைவிக்குக் கோபம். கிராணிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்காவின் வாசலில், லயம் முழுக்க நீலம் பூத்திருந்த அந்த வரிசையில், ஒரே ஒரு செடி மட்டும் ரோஸ் நிறத்தில் நின்றது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் கிராணி.

"எப்பவும் இருக்கற செடிதான் கிராணி. நீலமாப் பூத்துச்சு. தீபாவளிக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சத்த அடியில ஊத்துனேன். அதுக்கப்புறம் இப்படி ஆயிடுச்சு."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரியம்மாதான் முதலில் சிரித்தாள்.

"சுண்ணாம்பு ஊத்துனா வெள்ளையால்லடீ பூக்கணும்?"

"நாளைக்கு மஞ்சத்தூள் போட்டுப் பாருலா, மஞ்சளாப் பூக்கட்டும்" என்றான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன்.

"மிளகாத்தூள் போடுக்கா. சேப்பாப் பூத்தா சாமிக்கு ஆகும்."

சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள். "பங்களாவுல தெனமும் பூ வெட்டி ஜாடியில வைக்கறதே நான்தான். எனக்கு ஒரு கெளை வேணும்னா திருடித்தான் எடுக்கணுமா? கேட்டாக் குடுக்க மாட்டாங்களா?"

"கேட்டியா?"

"கேக்கல. எனக்குத் தேவப்படலயே."

"கேக்கலைன்னு நீயே சொல்ற" என்றார் கிராணி.

நான் போய் மூன்று கிளைகளைக் குழாயடித் திண்டில் வைத்தேன். ஒன்று கிராணி பங்களாவிலிருந்து சாட்சிக்குக் கொண்டு வந்த ரோஸ். ஒன்று அக்காவின் ரோஸ். ஒன்று பெரியம்மா வேலியில் பறித்த நீலம். மூன்றிலும் இலைகள் ஜோடியாக எதிரெதிரே பிறந்தன. மூன்றிலும் இலை உள்ளங்கை அகலம், ஓரம் ரம்பப் பல், நுனி கூர். கணுவின் இடைவெளியும் தண்டின் மேலிருந்த பழுப்புப் புள்ளியும் ஒன்றே. மூன்றும் ஒரே செடி, மண்தான் வேறு என்று சொன்னேன்.

கிராணி குனிந்து நிதானமாகப் பார்த்தார். இரண்டு ரோஸ் கிளைகளையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுங்கறீங்க."

"ஆமா."

"அப்ப பங்களாச் செடிதான். நீங்களே சொல்லிட்டீங்க."

"அந்த நீலமும் அதேதான் கிராணி."

"நீலம் நீலந்தான்மா. கண்ணு தெரியுதில்ல? பேப்பர்ல எழுதறதுக்கு நீங்க சொல்றது நல்லாருக்கும்."

நீலக் கிளையை அவர் திண்டிலேயே விட்டுவிட்டார். ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு ஓடியது.

மதியத்துக்குள் இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். செடியை மண்ணோடு தோண்டி லோரியில் ஏற்றி, பங்களாத் தோட்டத்தின் கீழ் ஓரத்தில், தேயிலை மலை தொடங்கும் இடத்தில் நட்டார்கள். துரைக்குச் சேரவேண்டியதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தோண்டும்போது ஒடிந்த குச்சிகள் வாசல் மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன. மறுநாளிலிருந்து பங்களாவுக்கு வரவேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லப்பட்டது. வீட்டை மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லி அடுத்த வாரம் ஆள் வந்தது.

மாதக் கடைசியில் நான் மறுபடி வந்தபோது பெரியம்மா அவளுக்குச் சாமான் கட்ட உதவிக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸ் பெட்டிகளை அவளே தேடிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். தண்ணீர்ச் சட்டியைப் பழைய சேலையில் சுற்றினாள், சாமி மாடத்துக் குங்குமச் சிமிழைத் தனியாக எடுத்துவைத்தாள், காப்பி கலந்து கொடுத்தாள். நடுவில் எழுந்துபோய் ஜன்னலுக்கு முழம் போட்டுப் பார்த்தாள். திரைக்குத் துணி எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு.

அக்கா அதைப் பார்த்தாள். "அந்தக் கதவு மழைக்கு உப்பிக்கும்" என்றாள். "தூக்கி இழுத்துச் சாத்தணும்."

"சரிடீ" என்றாள் பெரியம்மா.

அதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் ஒரு பூப்பண்ணையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே சாமந்தியைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் வேலை. பண்ணைக்குப் பின்னால் பலகை அறையில், மொழி தெரியாத வெளிநாட்டுப் பெண்களோடு படுத்துக்கொண்டாள். அவள் போன பிறகும் பங்களாவில் ரோஸ் கிளைகள் ஒடிந்தன. இம்முறை யாரும் லயத்துக்கு வரவில்லை. படம் எடுக்க வரும் சுற்றுலாக்காரர்கள் ஒடித்திருப்பார்கள் என்று பேசி முடித்துக்கொண்டார்கள்.

அடுத்த விடுமுறையில் பங்களா ஓரம் நடந்தபோது அந்தச் செடியைப் பார்த்தேன். பிழைத்து நன்றாகப் பூத்திருந்தது. முழுக்க நீலம். கிராணியிடம் சொன்னேன். அவரும் பார்த்திருந்தார்.

"அது வேற ஏதோ கலந்த செடிம்மா" என்றார். லயத்தில் அவர் சொன்னது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. போகிற பொம்பளை வயிற்றெரிச்சலில் ஏதோ செய்துவிட்டுப் போய்விட்டாள், அதனால்தான் துரை வீட்டுப் பூ நிறம் மாறிவிட்டது என்றார்கள். நல்லவேளை கிளம்பினாள் என்றும் சொன்னார்கள்.

திரிங்காப்புக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். விரல் நுனிகள் சாமந்திச் சாற்றில் கறுத்திருந்தன. அவள் கையை நிறுத்தவில்லை.

"நீலமாயிடுச்சா?"

"ஆமாக்கா."

"கிராணி பாத்தானா?"

"பாத்தாரு."

"அப்ப எம்மேல இன்னும் கோவமா இருப்பான்" என்றாள். கட்டிய பூவைத் தட்டி நுனியைச் சமன் செய்தாள். "இதுல நீ எழுத ஒண்ணுமில்ல. நீ போம்மா. சூப்பர்வைசர் பாக்கறான்."

பெரியம்மாவின் மகனும் மருமகளும் குழந்தையோடு லயத்தில் அக்கா விட்டுப்போன வீட்டில் குடியேறியிருந்தார்கள். ஜன்னலில் பூப்போட்ட திரை. மிதிபட்டுக் கிடந்த குச்சிகளில் ஒன்று மண்ணில் வேர் விட்டிருந்தது. ஹைட்ரேஞ்சியா அப்படித்தான், ஈர மண்ணில் முறிந்து விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும். இந்த ஆண்டு அது இடுப்பளவு வளர்ந்து ரோஸ் நிறத்தில் பூத்தது. வருகிறவர்களிடம் பெரியம்மா அதைக் காட்டினாள்.

"என் மருமக கைராசி. லயத்துலயே இந்த ஒரு எடத்துலதான் இப்படி."

ஒரு மாலை கிராணி அந்த வழியாகப் போனவர் மோட்டாரை நிறுத்தினார். "நல்லாப் பூத்திருக்கே" என்றார். பெரியம்மா இரண்டு பூங்கொத்து வெட்டிக் கொடுத்தாள். அவர் முன்கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

போன வாரம் நான் ஊருக்குக் கிளம்பும் காலையில், பெரியம்மா அந்த வாசலில் குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வாடை.

"வெள்ளையடிக்கப் போறீங்களா பெரியம்மா?"

"இல்லம்மா." ஒரு பூவைத் திருப்பிக் காட்டினாள். இதழ்களின் ஓரம் ஊதா கட்டியிருந்தது. "ஓரமெல்லாம் நீலம் ஏறுது பாரு."

வாளியைச் சாய்த்து, இலையில் படாமல், வேரைச் சுற்றி மெதுவாக ஊற்றினாள்.