ஏழாவது படிக்கு வைத்திருந்த பலகை

கருப்பாயி அக்காவின் வீட்டுக்கு முதலில் மூன்று படிகள்தாம் இருந்தன. இப்போது ஆறு. கம்பங்கள் ஊன்றி அதன்மேல் கட்டிய வீடு உயரவில்லை, மண்தான் கீழே இறங்கிவிட்டது. பொந்தியான் பக்கம் எங்கள் நிலமெல்லாம் மலாய் மொழியில் தானா கம்புட் எனப்படுவது. காட்டு மரங்களின் வேரும் இலையும் தண்ணீரில் ஊறிக் கிடந்து உண்டான கறுப்பு மண். தண்ணீரை வடித்தால் அன்னாசி நன்றாக வரும். ஆனால் வடிய வடிய மண் அமுங்கும், அமுங்கிய இடத்தில் வெள்ளம் நிற்கும், நாங்கள் தண்ணீர் வடிய இன்னும் ஆழமாகக் கான் வெட்டுவோம். அவ்வளவு புத்திசாலிகள்!

அக்காவின் நிலத்தில் கான் வெட்டியவர் அவர் கணவர் லெட்சுமணன் அண்ணன். வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்று, தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு இருவரும் இங்கே வந்தார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த முதல் மண் இது. பின்னாலிருக்கும் சதுப்புக் காட்டின் தண்ணீரும் அந்தக் கான் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும்.

போன வருட வெயிலில் காடு வறண்டு தீப்பிடித்தது. தீ மேலே தெரியவில்லை, மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்தது. இங்கே தண்ணீர் ஊற்றினால் அங்கே புகைந்தது. அக்காவின் மேற்கு மூலை அன்னாசி நின்ற நிலையிலேயே வெந்துபோனது. அந்தப் புகையில் அக்கா இருமிக்கொண்டு வாளி தூக்கியதைப் பார்த்து நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு வடிகால் இலாகாவிலிருந்து ஷிரீன் என்ற பெண் வந்து, கானின் வாயில் பலகைத் தடுப்பு வைத்துக் கொடுத்தார். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருக வேண்டும். மழை வந்தால் மேலே உள்ள பலகைகளை எடுக்கலாம். அடிப்பலகைகள் எப்போதும் இருக்க வேண்டும், அப்போதுதான் காடு நனைந்திருக்கும். அந்தப் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டார்.

டிசம்பரில் மழை கொட்டியது. மேல் பலகைகளை எடுத்தும் பள்ளத்து வரிசைகளில் தண்ணீர் நின்றது. பழம் வெட்டுகிற நேரம். அண்ணன் கடப்பாரையோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றார். நான் குடையோடு வேடிக்கை பார்த்தேன், வேறென்ன செய்ய?

"நவுரு புள்ள. எல்லாத்தையும் புடுங்கிடுறேன்."

"மேல உள்ளத எடுத்தாச்சுங்க. அடியில உள்ளத தொடாதீங்க."

"பழம் அழுகிப் போவும், தெரியுமில்ல?"

"அழுவட்டும். மண்ணு எரிஞ்சா எங்க போறது? இன்னொரு லயம் கட்டி வச்சிருக்காங்களா நமக்கு?"

அண்ணன் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பள்ளத்துப் பழமெல்லாம் அழுகியது. அதை அக்காவே வெட்டி எறிந்தார், வாய்விட்டு அழுதுகொண்டு. அண்ணன் அதன்பின் தடுப்புப் பக்கமே போகவில்லை. ஏழாவது படிக்கென்று நீளமான மெராந்தி மரப் பலகை ஒன்றை வாங்கி, இழைத்து, அக்காவின் கண்ணில் படும்படி வீட்டுக்கடியில் சாத்தி வைத்தார். என்ன செய்தாலும் மண் இறங்கத்தான் போகிறது என்பது அவர் கட்சி. மனுஷனுக்கு அவ்வளவு வீம்பு.

மறுபடி வெயில். காட்டின் மறுகோடியில் புகை எழும்பியது. எங்கள் பக்கம் கானில் தண்ணீர் இருந்ததே என்று நிம்மதியாக இருந்தோம். அதுவும் குறையத் தொடங்கியது. அக்கா இறங்கிப் பார்த்தார். அடிப்பலகை ஒன்று பிளந்து, தண்ணீர் ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷிரீனுக்குப் போன் அடித்தால், வேறு பலகை வரச் சில நாளாகும் என்றார். அக்கா பிளவில் சாக்கை அடைத்து, அதை முதுகால் அழுத்தியபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

அண்ணன் வந்தார். தோளில் அந்த மெராந்திப் பலகை, இன்னும் அளவுக்கு அறுக்காமல்.

"ஏங்க, அது படிக்கு வச்சிருந்ததாச்சே?"

"தள்ளி நில்லு," என்று கானுக்குள் இறங்கினார் அண்ணன். "மண்ணு நின்னாப் போதும். ஆறு படிக்கே உன் முட்டி தாங்கல."