பால்நிறக் கிணறு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அன்று வண்டி ஓட்டியவன் நான். பின்சீட்டில் என் மனைவி புல்கூன், பிரசவ வலியில்.

1994, நவம்பர் 19. மாலை 4.50. எங்கள் ஆட்டுப் பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மானிச் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கம் கல்மிக்குகளான எங்கள் புல்வெளி. அந்தப் பக்கம் ருஷ்யர்களின் கோதுமை வயல். நடுவில் உப்பு ஏரி. காற்றடித்தால் அது ஊளையிடும்.

"நூறு ஆட்டுக்குப் பிரசவம் பாத்த ஆளு, பொண்டாட்டின்னா மட்டும் கை நடுங்குதோ?" என்றாள் புல்கூன். வலியிலும் அந்த வாய் ஓயாது.

பள்ளத்தில் இறங்கியதும் மூடுபனி. 5.25க்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. வழி தப்பினால் உப்புச் சேறு, விடியும்வரை நகர முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வண்டி விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் நின்றாள். தலையிலிருந்து இடுப்புவரை மூடிய முக்காடு. புல்வெளியில் தனியாக நிற்பவரை விட்டுவிட்டுப் போவது எங்களிடம் பாவம். புல்கூன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன்.

"பால்நிறக் கிணறு தாண்டி இடது பக்கம் போ, தம்பி."

"வெள்ளைக் கிணறுதானேக்கா?"

கை மட்டும் இடது பக்கம் நீண்டது.

கிணறு தாண்டித் திரும்பினேன். ஜன்னல் மூடியிருந்தும் முதுகில் குளிர் ஏறியது.

ஊஊஊ... ஏரி.

"நிறுத்திடாத..." பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

இஞ்சின் இருமியது.

"நிறுத்திடாத... நிறுத்திடாத..."

5.52. சக்கரம் தார்ச்சாலையைத் தொட்டது. எதிர்க்கரை.

கண்ணாடியில் பார்த்தேன்.

புல்கூன் மட்டும்.

6.40க்கு மகள் பிறந்தாள்.

மறுநாள் பண்ணைக்குப் போய்ப் பெரியப்பா எர்தினியிடம் சொன்னேன். உப்புத் தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"பால்நிறக் கிணறுன்னா சொன்னா? அது நோகாலாதாண்டா, எங்க பக்கத்து வீட்டு மருமக. அவ மாமனார் பேரு சகான். சகான்னா நம்ம பேச்சுல வெள்ளைதானே? மாமனார் பேரை எப்படி வாயால சொல்லுவா? அவ ஒருத்திதான் அப்படி மாத்திச் சொல்லுவா. நாப்பத்து மூணாம் வருசம் பட்டாளத்துக்காரங்க நம்ம ஜனத்தையே சைபீரியாவுக்கு லாரியில ஏத்துனாங்கள்ல, அப்ப அவளுக்கு நிறைமாசம். பள்ளத்துல வலி கண்டுச்சு. லாரி நின்னுபோச்சு. விடியிற வரைக்கும் நகரல. பிள்ளை வயித்துக்குள்ளயே இருக்க, ரெண்டு உசுரும் போயிருச்சு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து புல்கூனிடம் சொன்னேன். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துக்குள்ளயா? அவ மடியில பிள்ளை இருந்துச்சேய்யா... வழியெல்லாம் ஒரு தடவைகூட அழலையேன்னு நெனச்சேன்."