‘நல்லா இருக்கான்’ என்று சொன்ன ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் தூரத்திலிருந்து வரும் ஃபோனுக்கு ஒரே பதில்தான் உண்டு. எல்லாரும் நல்லா இருக்கோம். இங்கே ஆக்லாந்தில், பென்ரோஸ் பகுதிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பா, விரலை நசுக்கிக்கொண்டு கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தபோதும் அம்மா, சொந்த ஊரான தைப்பிங்கில் இருக்கும் சித்தியிடம் அதையேதான் சொன்னார். சித்தி மட்டும் என்ன, அங்கே மாமா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் வீடு திரும்பிய பிறகுதான் சொன்னார். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "இங்கருந்துகிட்டு நான் என்னா செய்ய முடியும்? உக்காந்து அழுதிருப்பேன். பாசம் இருக்கப்போய்த்தான் சொல்லல" என்றார்.

இந்தப் பழக்கத்தை ஓர் அமெரிக்கப் பையனுக்காகவும் நாங்கள் கடைப்பிடித்தோம்.

அக்கா கல்யாணமாகி மெல்பர்ன் போனபின் எங்கள் லின்ஃபீல்ட் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் ஹோம்ஸ்டே நடத்தலாம், வீட்டுக்கடன் கட்ட உதவும் என்று நான்தான் சொன்னேன். அப்பா ஊரில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச நாள் படித்தவர். அம்மா அதுவும் இல்லை. குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் என்பதால் ஆங்கிலத்தில் நடக்க வேண்டிய எதுவும் என் தலையில்தான் விடியும். சீனாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ ஒரு பிள்ளை வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தவன் பதினாறு வயது அமெரிக்கன். பெட்டியில் துணியைவிடக் காற்பந்து பூட்ஸ்தான் அதிகம் இருந்தது.

"படிக்க வந்தானா, பந்தடிக்க வந்தானா?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டுக்கும்தாம்மா. அந்தப் பள்ளிக்கூடத்தோட ஒரு காற்பந்து அகாடமி இருக்கு."

"ஏன், அவன் ஊர்ல திடல் இல்லையா?"

அதே கேள்வியில்தான் அவன் வீடும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சாப்பாட்டு மேசையில் அவனே சொன்னான். அங்கே அவனைப் பழக்கிய பயிற்றுநர், பையன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு ஊரிலேயே வளரட்டும், அவசரம் வேண்டாம் என்றாராம். அவன் அப்பாவோ, பணம் கட்டி ஆடும் வசதியான பிள்ளைகளோடேயே இருந்தால் மெத்தனம் வந்துவிடும், வெளியே போனால்தான் உரம் ஏறும் என்று நின்றார். ஐரோப்பாவுக்கு அனுப்ப ஆசை. ஆனால் பதினெட்டு வயதுக்கு முன்னால் வெளிநாட்டுப் பையனைக் கிளப்பில் சேர்க்க விதி இடம் தராது. மாணவனாக ஒரு வருடம் இருப்பதென்றால் ஆக்லாந்தில் வழி இருந்தது. அதோடு, ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பயிற்றுநர் இங்கே வந்து அகாடமிப் பையன்கள் ஆடுவதைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கே இலவசமாகப் படித்துக்கொண்டே ஆடலாம்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அமெரிக்காக்காரன் கண்ணுல படுறதுக்கு அமெரிக்காவுலருந்து கிளம்பி இங்க வந்திருக்கான். நல்லாத்தான்லா இருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். பையன் சிரித்துவிட்டான். "எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க" என்றான்.

அம்மா அவனைத் தம்பி என்பார். அவன் அம்மாவை ஆன்ட்டி என்பான். காலையில் "பசியாறுனியா?" என்று அம்மா கேட்டால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவான். ‘போதும்’ என்ற சொல்லைச் சீக்கிரமே கற்றுக்கொண்டான். அதனால் அவன் தட்டில் விழும் தோசை குறையவில்லை.

அவனுக்கு ஊரில் ஒரு கூட்டாளி இருந்தான். ஒரே தெரு, ஒரே அணி. அவன் வீட்டார் பயிற்றுநர் சொன்னபடி அவனை ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு பெரிய கிளப்பின் இளையோர் அணியில் ஆடுகிறான். ஊறுகாய்ப் போத்தலில் ஃபோனைச் சாய்த்துவைத்து அந்த வீடியோக்களை இவன் பார்ப்பான். "எங்க ரெண்டு பேர்ல நான்தான் நல்லா ஆடுவேன்" என்றான் ஒருமுறை. பெருமையாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிறவன் போலச் சொன்னான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. ஒரு குடும்பமே நம்மை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று பார்க்கும்போது, நாம் பின்தங்குகிறோமோ என்ற பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

குளிர்காலம் வந்தது. நாளெல்லாம் மழை. சேறு அப்பிய பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஹீட்டர் முன்னால் வைப்போம். ஒரு மத்தியானம் குருமாவுக்காக அம்மா ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பாக்கெட்டை எடுத்தார். உதிரியாக இருக்க வேண்டிய பட்டாணி ஒரே கட்டியாக, கிண்ணம் போல வளைந்திருந்தது.

"யாரு இத வெளிய எடுத்து எடுத்து வைக்கிறது?"

வீட்டில் அப்போது நானும் பையனும்தான். அம்மா அவன் அறைக் கதவைத் தட்டினார். பின்னால் நானும் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது முழங்காலில் துண்டு, துண்டுக்கு மேல் இன்னொரு காய்கறிப் பாக்கெட். அம்மா துண்டை விலக்கிப் பார்த்தார். முழங்காலின் உருவமே தெரியாமல் வீங்கியிருந்தது.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டான். அகாடமிக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவார். கல்லூரிப் பயிற்றுநர் அடுத்த மாதம் வருகிறார். "அதுவரைக்கும் மட்டும், ஆன்ட்டி."

நான் மொழிபெயர்க்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. "சொல்ல மாட்டோம்னு சொல்லு" என்றார் என்னிடம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "தப்பு இது. அடுத்தவங்க பிள்ள."

"அடுத்தவங்க பிள்ளங்கிறதாலதான் சொல்றேன். பெத்தவ அங்க கெடந்து தவிக்கணுமா? ஆடி முடிக்கட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"கால் போச்சுன்னா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

அம்மா தைலம் தேய்த்தார். ஒத்தடம் கொடுத்தார். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் பையன் தலையசைத்து மறுத்தான். ஞாயிறு காலையில் அவன் அம்மா ஃபோன் செய்வார். அங்கே அப்போது சனிக்கிழமை. மகனிடம் பேசி முடித்ததும் எங்கள் அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்வார். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நல்லா இருக்கான், நல்லா சாப்புடுறான் என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. தைப்பிங் சித்தியிடம் பேசுகிற அதே முகம்.

ஒரு சனிக்கிழமை அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். வர வேண்டாம் என்றான், போனேன். எனக்குக் காற்பந்து நுணுக்கம் தெரியாது. ஆனால் தினமும் வாசல்படி ஏறுகிறவனைப் பார்த்த கண்ணுக்கு, அவன் வலது காலை ஊன்றித் திரும்பவே இல்லை என்பது தெரிந்தது. பந்து வந்தால் உடனே யாருக்காவது தள்ளிவிட்டான். இடைவேளையில் எல்லாரும் புல்லில் உட்கார, இவன் மட்டும் நின்றான். உட்கார்ந்தால் எழும்போது தெரிந்துவிடும். இரண்டாம் பாதியில் அகாடமிப் பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நின்று, இன்றைக்கு என்ன சோம்பேறித்தனம் என்று அவனைப் பார்த்துக் கத்தினார். பையன் ஆமாம் என்று தலையாட்டினான். காயம் என்பதைவிடச் சோம்பேறி என்பது அவனுக்குப் பரவாயில்லை. அதைப் பார்த்த பிறகு ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் ஃபோன் வந்தது. அம்மா வழக்கம்போலச் சொல்லி முடித்து, என் பக்கம் நீட்டினார். "உன்னக் கேக்குறாங்க."

"உங்க அம்மா ரொம்ப அன்பானவங்க" என்றது அமெரிக்கக் குரல். "ஆனா ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியம்தான் சொல்றாங்க. நீ சொல்லு. என் மகன் நல்லா இருக்கானா?"

பையன் பால் போத்தலோடு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"முழங்கால் ரொம்ப வீங்கியிருக்கு" என்றேன். "சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். நாங்களும் சொல்லல."

அவன் பாலை மேசைமேல் வைத்தான், சத்தமில்லாமல். வெளியே போய்விட்டான். ஃபோனில் அவன் அம்மா கேட்டார்: "எந்தக் கால்?"

"வலது."

"சரி" என்றார். அழவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஸ்கேனில் முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது தெரிந்தது. கிழிந்ததன் மேலேயே ஓடி ஓடி அது பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷனை ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் அம்மா முடிவு செய்தார். கல்லூரிப் பயிற்றுநர் சொன்னபடியே வந்தார். அவர் வந்த விமானமும் இவன் போன விமானமும் பசிபிக் கடலுக்கு மேல் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்கும்.

கடைசி நாட்களில் பையன் என்னோடு பேசவில்லை. விமான நிலையத்தில் அம்மாவைக் குனிந்து கட்டிக்கொண்டான். அப்பாவிடம் கைகொடுத்தான். என்னிடம், "அவரு பாக்குற வரைக்கும்தானே கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பும்போது காரில் அம்மா சொன்னார், "நீ சொன்னது சரிதான்." சிக்னலில் வண்டி நின்றது. "ஆனா நீ சொல்லியிருக்க வேணாம்." அப்பா ரேடியோவைப் போட்டார்.

அந்த வருட வெயில்காலத்தில் அம்மா ஒருநாள் அவனுக்கு ஃபோன் போடச் சொன்னார். என் நம்பர் என்று தெரிந்தும் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன். "எல்லாம் நல்லா இருக்கு, ஆன்ட்டி. காலும் நல்லா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்கோம்." திரும்ப ஆடுகிறானா என்று அம்மா கேட்கச் சொன்னார். சீக்கிரம் ஆடுவேன் என்றான். சீக்கிரம் என்றால் எப்போது என்று கேட்டேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அம்மா இருட்டாகிப்போன ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே நம்ம மாதிரியே பேசுறான்" என்றார். பிறகு, "அவங்க அம்மாவக் கேளு. அவங்க உள்ளதச் சொல்வாங்க."

அவன் அம்மாவுக்கு மெசேஜ் எழுதினேன். முழங்கால் உண்மையில் எப்படி இருக்கிறது என்று. மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. நான் வாசிப்பதை அம்மா கரண்டியோடு நின்று பார்த்தார்.

"என்னா சொல்றாங்க?"

"நல்லா இருக்கான்னு சொல்றாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.