டிரைவர் பக்கம்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். எங்கள் அத்தானின் பழைய பிக்கப் அப்படிச் சொன்ன பேச்சுக் கேட்கிற வண்டி இல்லை. மிதித்ததும் வலப்பக்கம் ஒரு இழுப்பு இழுக்கும். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடித்தால், பிறகு மனசு வந்து நிற்கும். அதுவும் எல்லா நேரமும் கிடையாது. காலையில் திருவையாற்றில் வாழைத்தார் ஏற்றிக் கிளம்பும்போது பரம சாதுவாக வரும். நாலைந்து இடத்தில் நிறுத்தி எடுத்து, பிரேக் டிரம்மில் சூடு ஏறிய பிறகுதான் தன் புத்தியைக் காட்டும். அதை நான் ஓட்டிய நான்கு வருஷத்தில் என் வலது கால் கற்றுக்கொண்ட பயம் இன்னும் போகவில்லை. இப்போதும் யாருடைய காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும், எதிரே லாரி வந்தால் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. ஓட்டுகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். வண்டிக்கு டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. தொண்ணூறுகளில் புதுப்புது வண்டிகளாக ஊருக்குள் வந்து இறங்க, எங்கள் கிழட்டு பிக்கப்பைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து போனார்கள். இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு அத்தான் சவுதியில் ஒரு பட்டறை வேலைக்குப் போனார். இரண்டு நான்கானது. வண்டியை என்னிடம் விட்டிருந்தார். அக்காவின் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வாசலில் நிற்கிற வரைக்கும் அவர் திரும்பி வருவார்; வண்டி போய்விட்டால் இங்கே அவருக்கு என்ன வேலை, ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார். இதை அவள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். ஆகவே நான் பழுது பார்த்தது வெறும் பிரேக்கை அல்ல. அந்த எரிச்சலும் எனக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் கடிதத்தைவிட கேசட்தான் எங்களுக்கு வசதி. நான் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து வண்டியின் வியாதியை ஒப்பித்து அனுப்புவேன். மூன்று வாரம் கழித்து அத்தானின் குரல் வைத்தியம் சொல்லும். முதல் கேசட்டில், பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்று என்றார். வெளியேற்றினேன். இரண்டாவதில், ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை டிரம்மில் உரசுகிற வரைக்கும் இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி விடு, நாலு சக்கரமும் ஒரே மாதிரி இருக்கணும் என்றார். அதையும் செய்தேன். ஒரு வாரம் யோக்கியமாக ஓடிவிட்டு மறுபடி இழுத்தது. அக்கா தன் மகள் பாப்பாவோடு பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பாள். பாப்பா நல்லா படிக்குதா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று கடைசியில் இரண்டு வரி அவளுக்கு வரும். மற்றதெல்லாம் வண்டிதான். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். எங்களுக்கு வெறும் குரல். அதிலும் முக்கால்வாசி பிரேக்குக்குப் போய்விட்டது.

மூன்றாவது கேசட்டில் அத்தான் ஆணி அடித்தாற்போலச் சொன்னார்: "டிரைவர் பக்க முன் டிரம்மக் கழட்டு மாப்ள. உள்ள சிலிண்டர் கசிஞ்சு ஷூவெல்லாம் எண்ணெயா இருக்கும்." கழற்றினேன். உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லை, எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அத்தானுக்கும் தப்பும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வலப்பக்கம் இழுக்கிற வண்டிக்கு வலப்பக்கச் சக்கரத்தில்தானே கோளாறு இருக்க வேண்டும்? என் மரமண்டைக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தப் பக்கம் மட்டும் சிலிண்டரையும் ஷூவின் லைனிங்கையும் புதிதாக மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசி. தாராசுரம் மார்க்கெட்டுக்குத் தார் ஏற்றிக்கொண்டு போனேன். பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று அக்காவும் கூட வந்தாள். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் பாப்பா. அறுவடைக் காலமாதலால் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. மிதித்தேன். புது லைனிங் போட்ட வலது சக்கரம் கவ்விப் பிடிக்க, வண்டி ஒரே திருப்பாக எதிர்ப்பக்கம் பாய்ந்து, நெல்லில் வழுக்கி, குவித்து வைத்திருந்த அம்பாரத்தில் முகத்தைப் புதைத்து நின்றது. அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் கையில் பலகையோடு அப்படியே நின்றார். பாப்பா பயத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. சிதறின நெல்லையெல்லாம் நானும் அக்காவும் கூட்டி அள்ளிக் கொடுத்தோம்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைத்தெரு மளிகைக் கடை போனுக்கு அத்தான் பேசுவார். அந்த வெள்ளிக்கிழமை எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினேன். நீங்கள் சொன்ன டிரைவர் பக்கம்தான் பார்த்தேன், புதுசும் போட்டேன், இப்போது ஆளையே கொல்லப் பார்க்கிறது என்றேன். அத்தான் பொறுமையாக, வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதனால்தானே டிரைவர் பக்கம் என்று சொன்னேன் என்றார்.

எனக்குப் புரியவில்லை. "டிரைவர் பக்கம் வலப்பக்கம்தானே அத்தான்?" என்றேன்.

"அட, இங்க ஸ்டீயரிங் இடப்பக்கம்ல இருக்கு மாப்ள" என்றார். சவுதியில் அப்படி என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை. நாள் முழுக்க அந்த வண்டிகளுக்குள்ளேயே கிடந்த மனிதருக்கு, டிரைவர் பக்கம் எப்போது மாறியது என்பது அவருக்கே தெரியவில்லை போலும். பிறகு, வண்டியில் யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்று பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நானும் பாப்பாவும் இருந்தோங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் இடது டிரம்மைக் கழற்றினேன். கடல் தாண்டி உட்கார்ந்து அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உள்ளே இருந்தது: கசிந்த சிலிண்டர், எண்ணெயில் ஊறின ஷூ. மாற்றினேன். வண்டி நேராக நின்றது. நான் குதிக்காத குறை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு அதில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"அவுங்க சொன்னது சரிதான் தம்பி. அவுங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்கன்னுதான் நமக்குத் தெரியல" என்றாள்.

அன்றைக்கு முதல் தடவையாக அவளே டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். இனிமேல் வண்டியைப் பற்றிப் பேச வேண்டாம். எங்கே படுக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள், அதைச் சொல்லுங்கள் என்று பேசி அனுப்பினாள்.

பதில் கேசட்டில் இரண்டு பக்கமும் அத்தான் தன்னைப் பற்றியே பேசினார். ஒரே அறையில் எட்டுப் பேர், மேல் அடுக்குக் கட்டிலில் தலை நிமிர முடியாது, காய்ச்சல் வந்தபோது ஒரு பாகிஸ்தான்காரர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். இப்படி நான்கு வருஷத்தையும் ஒரேயடியாகக் கொட்டினார். முடிகிற இடத்தில் இப்படிச் சொன்னார்:

"வண்டிய நெனச்சா எனக்கும் பயமா இருக்கு. வித்துடு. நான் வண்டிக்காகவா வரப்போறேன்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

சித்திரையில் வண்டியை விற்றோம். ஆடியில் அத்தான் வந்துவிட்டார்.