ஞாயிற்றுக்கிழமை நோயாளி

அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா இறந்தபோது நான் கெமாஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நான் வந்து சேர்வதற்குள் அண்ணன் வைத்துவிட்டார். மழை வரும்போல் இருந்ததாம். "மழைக்குப் பயந்தா கொள்ளி வெச்சீங்க?" என்று சுடுகாட்டிலேயே அவர் சட்டையைப் பிடித்தேன். அதோடு அவர் காப்பாரில், நான் மாற்றலாகி வந்த பிரிக்பீல்ட்ஸில். பஸ் மாறி வந்தால் வந்துவிடும் தூரம்தான். வீம்புதான் குறுக்கே படுத்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்கும் பரவிவிட்டதாம். சீன டாக்டர், நல்ல மனிதர். ஆண் சுரப்பை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று விளக்கி, அதற்காக இரண்டையும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். எந்த இரண்டை என்று நான் கேட்கவில்லை. மூன்று பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அவற்றுக்கு வேலை என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

நான் சாகப்போகிறேன் என்ற செய்தி காப்பாருக்குப் போன மூன்றாம் நாள் அண்ணன் வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் உயிரோடு விரால் மீன். அறுத்த புண் ஆற விரால் சூப்பு குடிக்க வேண்டும் என்பது, இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சண்டை போடாமல் ஒப்புக்கொள்ளும் வைத்தியம். உள்ளே வந்தவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா தம்பி."

நானும் அழுதேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மீனும் அண்ணனும் வந்தார்கள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், நான் சாகவில்லை. ஆறு மாதத்தில் இடுப்பு வலி போனது. ஒரு வருடத்தில் பழைய எடை வந்தது. சும்மா இருக்கும்போதே குப்பென்று உடம்பு காந்தி வேர்க்கும், அவ்வளவுதான். "இப்பத் தெரியுதா, எனக்குத் தீட்டு நின்னப்ப எப்படி இருந்துச்சுன்னு?" என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம். எலும்பைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், போய்விட்டது என்று சொல்லமாட்டேன், தூங்குகிறது, தூங்கட்டும் என்றார்.

"ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி. நான் சொல்லவில்லை. செத்துக்கொண்டிருந்த தம்பியோடுதான் அவர் சமாதானமானார். குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும் தம்பியைப் பார்க்க வாரா வாரம் வருவாரா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நோயைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆகவே வாரத்தில் ஆறு நாள் சௌக்கியம், ஞாயிறு மட்டும் நோயாளி. காலையில் பாசாருக்கு நடந்துபோய் ஆட்டிறைச்சி வாங்கி வந்து, தோசையை ஒரு கை பார்த்துவிட்டு, பத்து மணிக்கு சவரம் செய்யாத முகத்தோடு போர்வைக்குள் நுழைந்துவிடுவேன். மனைவி தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்து, "முனகல கொஞ்சம் கம்மி பண்ணுங்கலா, போன வாரம் ரொம்ப ஓவர்" என்பாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு ஆறு வருடம் ஓடியது.

ஏழாவது வருடத்தில் ஒரு ஞாயிறு. அண்ணன் ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை கழிவறைக்குப் போனார். நாலாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நடந்தேன்.

"எத்தன நாளாண்ணே இப்படி?"

"நாலஞ்சு மாசம் இருக்கும். வயசாச்சுலா."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"எதுக்கு?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்து, அறுத்து, ஒன்ன மாதிரி வருசக்கணக்கா படுத்துக் கெடக்கவா? வாரா வாரம் ஒன்னப் பாக்குறேன்ல. எனக்கு இந்தச் சித்ரவத வேணாம். வர்றது வரட்டும், நான் போகமாட்டேன்."

அட சண்டாளா, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். போர்வையை உதறி எழுந்தேன். அப்போதுதான் கடைக்காரன் வாசலில் கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போயிருந்தான். இரண்டு கையாலும் அதைத் தூக்கி, கூடத்தைக் கடந்து, அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். "ஐயோ, எலும்பு!" என்று மனைவி கத்தினாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"எப்பலேருந்துடா?"

"ஆறு வருசமாண்ணே. நல்லாத்தான் இருக்கேன்."

"நான் அழுதப்பல்லாமா?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார்: "அவன வரச்சொல்லும்மா. அந்த டாக்டர்கிட்ட எனக்கு இங்கிலீஷ் பேச வராது."

ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் அவருடைய நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய், நல்லாருக்கேன்னு சொன்னியே. அதாச்சும் நெசமா?"

"சத்தியமா நெசம்ணே."

ஆறு வருடம் முனகியே நம்பவைத்தவன், இதை எப்படி நம்பவைப்பது என்று தெரியாமல் முழித்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் மறுபடியும் நம்பரைக் கூப்பிட்டாள். பிடித்த கையை விடாமலே என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.