உவரும் இவரும்

“நீர்தானே உடுவிலிலையிருந்து வாற பிள்ளை?” என்று மக்டலீன் அக்கா கேட்டார்.

“ஓம்.”

“இங்கிலீசு எழுதுவீராம்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் எண்டு சொல்லுறவைதான் வடிவா எழுதுவினம். நான் ஞாயிறு ஞாயிறு பேஸ்புக்கிலை கதை சொல்லுறனான். லண்டனிலை என்ரை அண்ணையின்ரை பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது. அவையளுக்காக அதை இங்கிலீசிலை எழுதித் தாருமன்.”

“உங்கடை சொந்தக் கதையோ அக்கா?”

“பாதி.”

“எந்தப் பாதி?”

“அதைச் சொன்னால் பிறகு ஆர் கேப்பினம்?” என்றபடி, அம்மாவின் பிரஷர் குளிசைகளை உறையில் போட்டு என்னிடம் தந்தார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஊர் குருநகர், வேலை ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மருந்துக்கடையில். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வீட்டு விறாந்தையில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து நேரலையைத் தொடங்குவார். கதை ஸ்ரெல்லா என்ற பெண்ணைப் பற்றியது. அவளும் நாற்பது தாண்டியவள், கலியாணம் செய்யாதவள், மருந்துக்கடையில் நிற்பவள். ஒரு கட்டத்தில் அக்கா கதையை நிறுத்தி இரண்டு வழி சொல்லுவார். கேட்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு என்று கொமென்டில் போடவேண்டும். கூடின பக்கம் எதுவோ, கதை அந்தப் பக்கம் போகும். அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை.

இதனால் வந்த வில்லங்கங்கள் கொஞ்சமல்ல. ஸ்ரெல்லாவின் அண்ணன் களவாகக் கடலட்டை பிடித்து அகப்பட்டபோது, தப்ப விடுவதா, மறியலுக்கு அனுப்பிச் சிறையில் வைப்பதா என்று அக்கா கேட்டார். சனம் ஒரே மனதாக மறியலுக்கு அனுப்பியது. அடுத்த நாள் லண்டனிலிருந்து உண்மையான அண்ணன் கொலின்ஸ் கடைக்கே போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“ஏனடி, நான் எப்பயடி மறியலிலை இருந்தனான்? இஞ்சை கோயிலுக்குப் போனால் எல்லாரும் ஒருமாதிரிப் பாக்கினம்.”

“நான் அனுப்பேல்லை அண்ணை. சனம் வோட்டுப் போட்டு அனுப்பினது. லவீனா மச்சாளும் போட்டவ, போய்ப் பாருங்கோ.”

லவீனா என்பவர் கனடாவிலிருக்கும் மச்சாள். ஒரு ஞாயிறும் தவறவிடமாட்டார்.

கடைக்கு வருகிறவர்களும் விடுவதில்லை. இருமல் பாணி வாங்க வந்த ஒருவர், “ஸ்ரெல்லாவின்ரை முழங்கால் நோ எப்பிடி இப்ப?” என்று கேட்டார். “பரவாயில்லை, நடக்கிறன்” என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கதையில் கலங்கரை விளக்கைப் பார்க்கும் வெளிச்சவீட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தபோது நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அவருக்குப் பெயர் வைக்கவேயில்லை. எப்போதும் “உவர்”தான். “உவர் திரும்பவும் பிளாஸ்ரர் வாங்க வந்திட்டார், உவருக்கு அப்பிடி எங்கைதான் வெட்டுதோ” என்று அக்கா சொன்னால், கேட்பவர்கள் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளுவார்கள். எங்கள் பேச்சில் உவர் என்றால் கிட்டவும் இல்லாத, எட்டவும் இல்லாத ஆள். கொஞ்சம் பகிடியும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கடையில் ஆளில்லாத நேரம் அக்கா மெல்லச் சொன்னார்.

“மயிலிட்டியிலை வள்ளங்களின்ரை எஞ்சின் திருத்திற அடைக்கலநாதன் எண்டு ஒராள். மனிசி செத்து ஆறு வருசம். என்னைக் கட்டச் சம்மதமோ எண்டு கேட்டிட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான். எத்தினை தரம் யோசிச்சாலும் ஒரு முடிவும் வருகுதில்லை. நாளைக்குக் கதையிலை உவரைக்கொண்டு ஸ்ரெல்லாவைக் கேக்க வைக்கப்போறன். சனம் சொல்லுறபடி செய்வம்.”

“அக்கா, அது கதை.”

“மறியலுக்குப் போனது மட்டும் கதையில்லையோ? அதுக்கு அண்ணைக்குக் கோவம் வந்ததுதானே.”

ஞாயிறு அப்படியே கேட்டார். ஒன்று, ஸ்ரெல்லா ஓம் என்று சொல்லவேண்டும். இரண்டு, மாட்டேன் என்று சொல்லவேண்டும். இரண்டுதான் வென்றது. காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: “கலியாணம் கட்டினால் கதை முடிஞ்சிடும் அக்கா, பிறகு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்ன செய்யிறது?”

அக்கா சிரித்தபடிதான் நேரலையை முடித்தார். மறுநாள் கடையில் மட்டும் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய மருந்தை இன்னொருவருக்கு நீட்டினார். நல்லவேளை, அவர் உறையைப் படித்துப் பார்த்தார். அன்று அடைக்கலநாதனும் வந்திருந்தார். “நீங்கள் வோட்டுப் போடேல்லையோ?” என்று நான் கேட்டேன். “நான் போட்டால் அது கள்ளவோட்டு, பிள்ளை” என்று பிளாஸ்ரர் வாங்கிக்கொண்டு போனார். விரலில் காயம் ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஸ்ரெல்லா மறுப்புச் சொல்லியாகவேண்டும். நான் வீட்டில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆயத்தமாக இருந்தேன்.

“ஸ்ரெல்லா வெளிச்சவீட்டுப் படியிலை ஏறிப் போறாள்” என்று அக்கா தொடங்கினார். “உவர் மேலை கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிக்கிறார். இவள் வந்தது தெரிஞ்சும் திரும்பேல்லை. இவர் எப்பவும் அப்பிடித்தான், இவருக்கு மனசு சரியில்லாட்டில் கையிலை ஒரு துணி வேணும்...”

கொமென்டுகள் மழைபோலக் கொட்டின.

“எவர்?”

“அக்கா, ஆர் உந்த இவர்?”

“இவரோ!!!”

பெயரைச் சொல்லாமல் ஒரு பெண் “இவர்” என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரேயொரு ஆளை, அவள் கட்டினவரைத்தான் குறிக்கும். அக்கா வாயைப் பொத்தினார்.

“வாய் தடுமாறிப்போச்சு” என்றார்.

லவீனா மச்சாள் உடனே எழுதினார்: “தடுமாறினால் அவர் எண்டு வரும். இவர் எண்டு ஏனடி வருகுது?”

அதற்குக் கீழே, வள்ளத்து எஞ்சின் படம் போட்ட கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது: “நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

அக்கா அதை இரண்டு முறை வாசித்திருக்கவேண்டும். முகம் முழுவதும் சிரிப்பு. கைபேசி போத்தலிலிருந்து சரிந்து கூரையைக் காட்டியது. குரல் மட்டும் கேட்டது: “ஸ்ரெல்லா மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள். நீங்கள் போட்ட வோட்டு, நான் மீறேல்லை. இனி மிச்சம் என்ரை அலுவல்.”

கலியாணச் சீலை என்ன நிறம் என்று வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிச் சனம் இரண்டு கிழமை நின்று பார்த்தது. அக்கா மசியவில்லை.

என் சிக்கல் வேறு. உவர், இவர், அவர் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். லண்டன் பிள்ளைகள் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்ரெல்லா வேண்டாம் என்ற ஆளை அத்தை ஏன் கட்டுகிறா, படியில் அப்படி என்ன நடந்தது, எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டு அனுப்பினார்கள். நான் அந்த இடத்தின் அடியில் நீளமாக ஒரு குறிப்பு எழுதி, கடைக்குக் கொண்டுபோய் அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“கலியாணத்துக்கு வருவினம்தானே. இவரைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நானே சொல்லுறன். நீர் உந்தக் குறிப்பை மட்டும் எடுத்துவிடும் பிள்ளை” என்றார்.